கை காட்டினால் நிற்கிற வண்டியில் எல்லாம் ஏறலாமா?

தனியாக ஊர் சுற்றுவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லிப்ட் கேட்டுப் போவது பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. கோவையில் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. ஹாஸ்டல், ஆபீஸ், மாதம் ஒருமுறை ஊர், இதைத் தவிர எங்கேயும் தனியாகப் போனதில்லை. அம்மாவிடம் கேட்டால் “கல்யாணம் ஆனதும் அவரோட போ” என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: கோவில்பட்டிக்கும் கோவைக்கும் மாதாமாதம் தனியாகத்தானே போய்வருகிறீர்கள்? அதுவும் ராத்திரி பஸ்ஸாகத்தான் இருக்கும். வேலைக்காகப் பெண் தனியாகப் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, ஆசைப்பட்டுப் போகிறேன் என்றால்தான் வீட்டில் பேச்சு வருகிறது. அதனால் பயணத்துக்கே புதிது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இனிமேல் பழக வேண்டியது, யாரும் கூப்பிட வராத ஒரு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்து எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்று நீங்களே முடிவு செய்வதைத்தான்.

கோவையில் இருப்பவருக்கு முதல் பயணமாக ஊட்டி மலை ரயிலைச் சொல்வேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும், 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற பல்சட்டத்தைப் பிடித்துப் பிடித்து எஞ்சின் ஏறும், அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மதியம் ஊட்டியில் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு, மூன்றரை நாலு மணிக்கு பஸ் பிடித்தால் ராத்திரி ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் வந்துவிடலாம். இப்படி இரண்டு மூன்று பகல் பயணம் போய்வந்த பிறகு ஒரு ராத்திரி தங்குகிற பயணம், அப்புறம் தூரத்து ரயில். தூரம் போகும் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. பதிவு செய்யும்போது லேடீஸ் கோட்டாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பொதுவில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும் நாளிலும் அதில் சில நேரம் இடம் இருக்கும்.

அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய் சொல்லிவிட்டு வந்த பெண்ணுக்கு வழியில் ஏதாவது சிக்கல் என்றால் வீட்டுக்குப் போன் போடக் கை வராது. அந்த அரை மணி நேரத் தயக்கத்தில்தான் சின்னச் சிக்கல் பெரிதாகிறது. என் அம்மா முதல் மூன்று பயணத்துக்கும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவை ஊட்டிக்குப் போகிறேன் என்றதும் “வரும்போது வர்க்கி வாங்கிட்டு வா” என்றார். உங்கள் அம்மாவும் மெதுவாகப் பழகிக்கொள்வார், அவருக்கும் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

கேள்வி: ஸ்பிதி, லடாக் பக்கம் பெண்கள் லிப்ட் கேட்டே ஊர் ஊராகப் போகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. போக்குவரத்துக்குப் பைசா செலவில்லை என்கிறார்கள். ஜூலையில் நானும் போகலாம் என்று இருக்கிறேன். நம்பிப் போகலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இமாச்சல மலைக்குள் இருக்கிற ஸ்பிதியில் லிப்ட் கேட்டு நானும் போயிருக்கிறேன், அதனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா சுமார் 200 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாயை ஏறி இறங்க வேண்டியதில்லை, 9 கிலோமீட்டர் மலைக்குள்ளேயே போய் லாஹௌல் பக்கம் வெளியே வந்துவிடலாம். அப்புறம் கிராம்ஃபூவில் பிரிகிற பாதை கல்லும் தண்ணீரும்தான், ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும். 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிற குன்சும் கணவாயைத் தாண்டினால்தான் ஸ்பிதி. அரசு பஸ் விடிகாலையில் கிளம்பும், அதை விட்டால் ஷேர் டாக்ஸி, அதையும் விட்டால் அந்த வழியாக வருகிற யாரோ ஒருவருடைய வண்டி. அங்கே இருக்கிற டீச்சர், நர்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லோரும் கை காட்டித்தான் ஏறுகிறார்கள். யாருடைய வண்டி எது, ஓட்டுகிறவர் எந்த ஊர் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும், செக்போஸ்ட் போலீஸ்காரருக்கும் தெரியும். ஏற்றிக்கொண்டு போகிறவரும் அது தெரிந்தேதான் ஓட்டுகிறார். அதே ஆள் சண்டிகர் நெடுஞ்சாலையில் முன்பின் தெரியாத ஓட்டுநர்தான். ஸ்பிதியில் சரியாகப் போனது என்று திரும்பி வரும் வழியில் சமவெளியிலும் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், பஸ் ஏறிவிடுங்கள்.

அந்த வீடியோக்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ரோட்டோரத்தில் நின்று கை காட்டினால் உங்களைப் பார்த்து நிறுத்துகிறவர்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் தேர்ந்தெடுக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். செக்போஸ்ட், தாபா, பெட்ரோல் பங்க், டீக்கடை மாதிரி வண்டிகள் எப்படியும் நிற்கிற இடமாக இருக்கட்டும். ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே பாருங்கள், யார் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், யார் குடித்திருக்கிறார்கள், யார் தன் க்ளீனரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பத்து நிமிஷத்தில் நிறையத் தெரிந்துவிடும். பிறகு நீங்களாகப் போய்க் கேளுங்கள். இரண்டு ஆண்கள், மூன்று ஆண்கள் மட்டும் இருக்கிற வண்டி என்றால் எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

கேட்கும்போது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று முதலில் வாயைத் திறக்காதீர்கள். “நீங்க எங்கே போறீங்க?” என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது நம்ம ஊரில்தான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு ஊர், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன், ஆறரை மணி இருக்கும். எதிர்ப்பக்கம் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கி, “ஏறுங்க, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்” என்றார். நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று இன்னும் சொல்லவே இல்லை. மரியாதையான முகம், இஸ்திரி போட்ட சட்டை, டாஷ்போர்டில் பிள்ளையார். “வீட்டிலேர்ந்து வந்துக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கார் பத்து நிமிஷம் அங்கேயே நின்றது. அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஊசியை மட்டும் கீழே வைத்துவிட்டு அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போன பிறகுதான் மறுபடி பூவை எடுத்தார்.

அப்புறம் அந்தப் “பைசா செலவில்லை”. தயவுசெய்து அந்த எண்ணத்தோடு கிளம்பாதீர்கள். கையில் பஸ் காசும், ஒரு ராத்திரி அறை எடுக்கிற காசும் இருந்தால்தான் வருகிற வண்டியை வேண்டாம் என்று சொல்ல முடியும். காசில்லாமல் இருட்டுகிற நேரத்தில் ரோட்டில் நிற்கிறவருக்கு எல்லா வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும். மூன்று மணிக்கு மேல் லிப்ட் கேட்கவே கேட்காதீர்கள், இருக்கிற ஊரில் தங்கிவிடுங்கள். ஸ்பிதிக்குப் போகும் வழியில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்னாடியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் போகும் முன் வண்டி நம்பரை வீட்டுக்கு அனுப்புங்கள். அதை மறைக்க வேண்டாம், ஓட்டுகிறவர் எதிரிலேயே போட்டோ எடுங்கள், “அம்மாவுக்கு அனுப்பணும்” என்று சொல்லுங்கள். நல்ல மனுஷர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். முகம் மாறினால் ஏறாதீர்கள். பை மடியில் இருக்கட்டும், டிக்கியிலும் வண்டியின் மேலேயும் போகக் கூடாது. ஏறினதும் கதவை ஒருமுறை உள்ளேயிருந்து திறந்து மூடிப் பாருங்கள். ஏறின பிறகு ஏதோ சரியில்லை என்று பட்டால் சண்டை போட வேண்டாம், வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி வருகிறது என்று காட்டுங்கள். எந்த மொழிக்காரரும் வண்டியை நிறுத்திவிடுவார்.

ஸ்பிதியிலிருந்து மணாலிக்குத் திரும்பும்போது, லோசர் என்ற கிராமத்தில் எனக்குக் கிடைத்த வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை பஸ் நிரம்பி வழிந்து நிற்காமலே போய்விட்டது. செக்போஸ்டில் போலீஸ்காரர் வருகிற வண்டி நம்பரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பச்சைப் பட்டாணி மூட்டை ஏற்றின ஒரு பிக்கப் வந்தது, ஓட்டுகிறவர், பக்கத்தில் அவர் மனைவி, மணாலி மண்டிக்குப் போகிறார்கள். போலீஸ்காரரே பேசி ஏற்றிவிட்டு, அந்த வண்டி நம்பருக்குப் பக்கத்தில் என் பேரையும் எழுதிக்கொண்டார். நான் ஏறியதும் அந்த அக்கா நடுவில் நகர்ந்து எனக்குக் கதவோர இடத்தைக் கொடுத்தார். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து பட்டாணியை எடுத்து உரித்து உரித்து என் உள்ளங்கையில் போட்டுக்கொண்டே வந்தார். பல்லில் வைத்ததும் உடைகிற பட்டாணி, கரும்பு மாதிரி இனிப்பு. குன்சும் உச்சியில் மூச்சு வாங்கி எனக்குத் தலை சுற்றியபோது தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். வழியில் பாதல் என்ற இடத்தில் டீக்கு நான் காசு கொடுத்தேன், அதையே வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஸ்பிதி என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த அக்காவின் கை வாசனைதான் ஞாபகம் வருகிறது.

கேள்வி: உங்கள் கட்டுரைகளை என் மகளும் படிக்கிறாள், கல்லூரி மூன்றாம் ஆண்டு. தெரியாத ஆளின் வண்டியில் ஏறுவதைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்களே, நாளைக்கு ஒரு பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா? (வாசகர், சேலம்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன். உங்கள் பயம் நியாயமானது, அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒவ்வொரு வரியையும் அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன், போகாதே என்று எழுத வேண்டிய இடத்தில் போகாதே என்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் பெண்கள் தெரியாத வண்டியில் ஏறுவது நான் எழுதி ஆரம்பித்ததில்லை. விடிகாலை மூன்று மணிக்குக் குட்டியானையில் காய்கறிக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்கள், எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிவிட்டு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாமல் நிற்கிற மில் பெண்கள், இவர்களெல்லாம் காலங்காலமாக இப்படித்தான் போகிறார்கள். இவர்களிடம் யாரும் இது சரியா என்று கேட்டதில்லை, எப்படிப் பத்திரமாகப் போவது என்று சொல்லிக்கொடுத்ததும் இல்லை. தமிழின் மூத்த கவிகளில் ஒருத்தியான ஔவையே ஊர் ஊராக நடந்து அரண்மனை வாசலில் போய் நின்றவள்தான்.

உங்கள் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஏதோ ஒரு ஊரில் மாட்டிக்கொண்டால் முதல் போன் யாருக்குப் போடுவாள்? உங்களுக்கு என்று சொன்னால் நீங்கள் ரொம்ப நல்ல அப்பா. தோழிக்கு என்று சொன்னால், அந்த நேரத்தில் “அங்கே ஏன் போனே?” என்றுதான் நீங்கள் ஆரம்பிப்பீர்கள் என்று அவள் நினைக்கிறாள். “எங்கே இருக்கே, பக்கத்துல யார் இருக்காங்க, நான் கிளம்பிட்டேன்” என்று பேசப் பழகிக்கொள்ளுங்கள், அவளிடம் இப்போதே அதைச் சொல்லியும் வையுங்கள். அப்புறம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள், பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொடுங்கள். இதெல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தால் தனி தைரியம்.

கேள்வி: லாரி, கார், பைக், எதில் லிப்ட் கேட்பது பரவாயில்லை? விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: லாரிக்காரர்கள் ஊர் உங்களுடையது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெடுந்தூரம் ஓட்டுகிற பல ஓட்டுநர்கள் பெண்களிடம் மிகவும் கண்ணியமாக நடந்துகொள்கிறவர்கள், எனக்கே அந்த அனுபவம் உண்டு. ஆனால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. லாரி சரக்கு வண்டி. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பின ஆளோ தவிர வேறு யாரை ஏற்றினாலும், விபத்தானால் அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பட்டாணி வண்டியில் ஏறினபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஏறியிருப்பேனா என்றால், அன்றைக்கு அந்த இடத்தில் ஏறியிருப்பேன், ஆனால் தெரிந்து ஏறியிருப்பேன்.

பைக்கிலும் காரிலும் அந்த வண்டிக்கு எந்த பாலிசி என்பதைப் பொறுத்தது. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் பின்னால் உட்காருகிறவருக்கும், காரில் சும்மா ஏறி வருகிறவருக்கும் அதில் பாதுகாப்பு கிடையாது, முழுக் காப்பீடு இருந்தால் உண்டு. ஓன் போர்டு காரில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சட்டப்படி கூடாது, காசு கேட்டால் இறங்கி டி போர்டு வண்டி பாருங்கள். பைக்கில் என்றால் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், அதனால் தெரியாதவர் பைக்கில் ஏறாமல் இருக்க இன்னொரு காரணம் ஆயிற்று. தமிழ்நாட்டு ரோட்டில் விபத்து என்றால் ‘நம்மைக் காக்கும் 48’ என்று 2021 டிசம்பரில் ஆரம்பித்த அரசுத் திட்டம் இருக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

இன்னொன்று, காட்டுச் சாலையில் இறங்கி நின்று கை காட்டவே காட்டாதீர்கள். முதுமலை வழியாக பந்திப்பூர் போகிற ரோட்டில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை வண்டிகளே விடுவதில்லை. பகலிலும் நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. ஆண்களுக்குப் பயப்படுகிறோம் சரி, யானைக்கும் பயப்பட வேண்டும்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் படிக்கிறேன். கூடப் படிக்கிறவர்கள் லிப்ட் கேட்டே ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறார்கள், பெண்களும். என்னையும் கூப்பிடுகிறார்கள். இங்கே பாதுகாப்புதானே? (வாசகி, ஜெர்மனி)

பதில்: அங்கே அது பழைய பழக்கம், அதற்கென்று ஊரில் ஒரு புரிதல் இருக்கிறது. போலந்தில் 1958-லேயே லிப்ட் கேட்கிறவர்களுக்கு அரசாங்கம் சின்னப் புத்தகம் போட்டுக் கொடுத்திருந்தது, ஏற்றிக்கொண்டு போகிற ஓட்டுநருக்கு எத்தனை கிலோமீட்டரோ அத்தனைக்குக் கூப்பன் கிழித்துக் கொடுப்பார்கள், நிறையச் சேர்த்தவருக்குப் பரிசு. நெதர்லாந்தில் லிப்ட் கேட்க நிற்கும் இடத்துக்குப் பலகையே உண்டு.

ஆனாலும் பாதுகாப்புதானே என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பூட்டிய காருக்குள் முன்பின் தெரியாத ஒருவரோடு உட்காருவது எந்த நாட்டிலும் ஒன்றுதான். முதல் தடவை தோழியோடு இரண்டு பேராகப் போங்கள். ஆட்டோபானில் நடப்பதும் நிற்பதும் சட்டப்படி தடை, அதனால் பெட்ரோல் பங்க்கும் உணவகமும் சேர்ந்து இருக்கிற இடத்தில் நின்று நேரில் பேசிக் கேளுங்கள், நான் மேலே சொன்ன அதே முறைதான். அங்கே நம்பர் பிளேட்டே உங்களுக்கு உதவும், முதலில் தனியாக இருக்கிற எழுத்துகள் எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடும், எஸ் மட்டும் என்றால் ஸ்டுட்கார்ட், எம் என்றால் மூனிச், கே என்றால் கொலோன். மூனிச்சுக்கு வீடு திரும்புகிறேன் என்கிறவர் பிளேட்டில் எம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதனாலேயே தப்பு என்று இல்லை, ஆனால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அவசரத்துக்கு அங்கேயும் 112, இங்கேயும் 112.

உண்மையில் உங்களுக்கு லிப்ட் தேவையா என்றும் யோசியுங்கள். 2023 மே மாதம் வந்த மாதாந்திர டிக்கெட்டில் ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். மெதுவாகத்தான் போகும், சின்னச் சின்ன ஊரெல்லாம் நின்று நின்று. எனக்கென்னவோ அதுதான் ஊரைப் பார்க்க நல்லதென்று படுகிறது.

கேள்வி: ஒரு பெண் தனியாகப் போனால் லாட்ஜில் ரூம் தர மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு கோயில் ஊர், ராத்திரி ஒன்பது மணி, ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “சிங்கிள் லேடீஸுக்குத் தர்றதில்லைம்மா” என்றார். அவருக்குப் பின்னால் சாவி மாட்டுகிற பலகையில் பாதிக்கு மேல் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சியும் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன், இரண்டுமே வேலைக்காகவில்லை. அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன் பெண்கள் காத்திருப்பு அறையில்தான் விடிந்தது.

அதிலிருந்து ராத்திரியில் போய் அறை தேடுவதை விட்டுவிட்டேன். பகலில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஆன்லைனில் பணம் கட்டியிருந்தாலும் முதல் நாளே போன் செய்து “நான் ஒரு ஆள், பெண், தனியாக வருகிறேன்” என்று சொல்லி அவர்கள் வாயால் சரி என்று வாங்கிவிடுங்கள். ரயில் டிக்கெட் இருந்தால் அந்த பி.என்.ஆர் எண்ணை வைத்துப் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறை பதிவு செய்யலாம். ஊரூருக்கு இருக்கிற தமிழ்நாடு சுற்றுலாத் துறை ஹோட்டல்கள், சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற ஒய்.டபிள்யூ.சி.ஏ விருந்தினர் விடுதி மாதிரியானவை தனியாக வரும் பெண்ணுக்கு நல்லவை. கோயில் தேவஸ்தான விடுதிகளில் தனி ஆளுக்குத் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் ஆணுக்கும் தருவதில்லை.

ரயில் என்று பேச்சு வந்ததால், தனியாக வருகிற பெண்ணிடம் டிக்கெட் இல்லை என்றாலும் ராத்திரியில் நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிடக் கூடாது. ஏறின ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இவற்றில் மட்டும், அதுவும் பகலில் மட்டும்தான் இறக்கலாம். 1989 ரயில்வே சட்டம், பிரிவு 139. ரயிலில் உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்ணும் 139 தான், ஒன்றை ஞாபகம் வைத்தால் இரண்டும் வந்துவிடும்.

கேள்வி: வழியில் பாத்ரூம் பிரச்சினைக்கு என்ன செய்கிறீர்கள்? பீரியட்ஸ் நேரத்தில்? (வாசகி, அறந்தாங்கி)

பதில்: தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்காதீர்கள், நான் அப்படி இருந்து சிறுநீர்த் தொற்று வந்து பத்து நாள் கஷ்டப்பட்டேன். பெட்ரோல் பங்க்கில் கழிவறை வைத்திருக்க வேண்டும் என்பது விதி, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூச்சப்படாமல் கேளுங்கள், பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள். பிரசவ ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், துணிக்கடை இங்கெல்லாம் பெண்கள் கேட்டால் அநேகமாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மாதவிலக்குக்கு மென்ஸ்ட்ருவல் கப் பழகிக்கொண்டால் மாற்றுகிற தொல்லை பல மணி நேரத்துக்கு இல்லை, ஆனால் வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டுத்தான் பயணத்தில். பழைய நியூஸ் பேப்பர், இரண்டு கவர், ஒரு சின்ன சோப்பு எப்போதும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் பஸ் இல்லாமல் ஒரு காரில் லிப்ட் கேட்டு ஏறினேன். ஓட்டினவர் கையைத் தொடையில் வைத்தார். கத்தினேன், இறக்கிவிட்டுப் போய்விட்டார். கார் நம்பரை டிக்கெட் பின்னால் எழுதி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நானாகக் கேட்டு ஏறினதால் என் மேலும் தப்பு இருக்கிறதா? (வாசகி, ஊர் வேண்டாம்)

பதில்: இல்லைமா. நீங்கள் கேட்டது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வண்டியில் ஒரு இடம். அவர் செய்ததை நீங்கள் கேட்கவில்லை. கத்தினீர்கள், இறங்கினீர்கள், அந்த நடுக்கத்திலும் நம்பரை எழுதினீர்கள், அவ்வளவும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஒருவேளை கத்த முடியாமல் உறைந்து போய் உட்கார்ந்திருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.

நான் சொன்ன விதியை எல்லாம் படித்துவிட்டு, அதை மீறினதால்தான் இப்படி ஆயிற்று என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அதெல்லாம் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்க எழுதுவது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பெண்களுக்கும் நடந்திருக்கிறது.

மூன்று மாதம் ஆனதால் புகார் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கொடுக்கலாம். அது எந்த ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் இருக்கிற ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், அங்கே வாங்கிப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. இந்த மாதிரிப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும், அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டேஷனுக்குப் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள், ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போதும் கூப்பிடலாம்.

புகார் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் அது உங்கள் முடிவு, அதற்காக யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பஸ் டிக்கெட்டில் அச்சு சீக்கிரம் அழிந்துவிடும், உங்கள் எழுத்தும் மங்கிவிடலாம், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு தாளில் தேதி, ஏறின இடம், ஏறின நேரம், இறங்கின இடம், காரின் நிறம், அவர் பேசினது என்று ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுதி, கூடவே வைத்துவிடுங்கள். என்ன செய்வது என்று அப்புறம் மெதுவாக முடிவு செய்யலாம்.